சொல்லின் எல்லை: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஆங்கிலச் சொல்வளத்தைப் பற்றியவையாக இருந்தமையால் அவற்றிலிருந்து ஆறினை மட்டும் தெரிந்தெடுத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒலியைக் கொண்டு எழுத்துக்கூட்டலை ஊகித்து, பின்னர் அகராதியைத் திறந்து சரிபார்ப்பதை வாசகர்கள் ஓர் அப்பியாசமாகக் கொள்ளலாம்.

ஐயா, நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். இந்த இடைவெளியில் ஆங்கிலத்தை உயர்த்திக்கொள்ள எண்ணி, சொற்பட்டியல் நூலொன்றை வாங்கி, நாளொன்றுக்கு 20 சொற்கள் வீதம் எதிரே தமிழ்க் கருத்தையும் எழுதி ஐந்து மாதங்களாகப் பாடமாக்கி வருகிறேன். யாராவது சொல்லைக் கேட்டால் கருத்தை உடனே சொல்லிவிடுவேன். ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால் அவற்றுள் ஒரு சொல்லாவது பேனைக்கு வருவதில்லை. என் ஞாபகசக்தியில் குறையா?
மாணவி, வெள்ளவத்தை

மகளே, ஐந்து மாதம் விடாமல் பாடமாக்கிய ஒருவருடைய ஞாபகசக்தியில் என்ன குறை இருக்க முடியும்? குறை அந்தக் கொப்பியின் அமைப்பில் இருக்கிறது. இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல், நடுவே ஒரு சமக்குறி என்று எழுதும்போது, இரண்டும் ஒன்றுதான் என்று மனத்துக்குச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் எந்த இரு மொழிச் சொற்களும் அவ்வளவு சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை.

உங்கள் கொப்பியில் நிச்சயமாக இருக்கக்கூடிய இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். ‘ரிலக்டன்ட்’ என்பதற்கு எதிரே ‘தயக்கமுள்ள’ என்று எழுதியிருப்பீர்கள். ‘ஹெசிட்டன்ட்’ என்பதற்கு எதிரேயும் அதையேதான் எழுதியிருப்பீர்கள். இப்போது வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். அலையில் கால் நனைக்க ஆசையோடு இரண்டடி வைத்து, அடுத்த அலை எவ்வளவு தூரம் ஏறும் என்று தெரியாமல் நின்றுவிடும் சிறுவன் ‘ஹெசிட்டன்ட்’. அவனுக்கு விருப்பம் இருக்கிறது, நிச்சயம் இல்லை. இருட்டிய பின்னும் மணலை விட்டு எழ மனமில்லாமல், தாயின் கைப்பிடிக்குள் இழுபட்டு வருபவன் ‘ரிலக்டன்ட்’. அவனுக்கு எல்லாம் நிச்சயமாகத் தெரியும், விருப்பந்தான் இல்லை. தமிழில் ஒரே ‘தயக்கம்’ இரண்டையும் மூடிக்கொண்டுவிட்டது. கட்டுரை எழுதும்போது உங்கள் பேனை நின்றுவிடுவதற்குக் காரணமும் இதுதான். இரண்டில் எதை எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டிய தகவல் கொப்பியில் எங்கும் இல்லை.

ஆகவே நாளுக்கு 20 சொற்களை 3 ஆகக் குறையுங்கள். அந்த மூன்றில் ஒவ்வொன்றுக்கும், கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதியில் வரைவிலக்கணத்தை வாசித்து, அகராதியை மூடிவிட்டு, அதே வரைவிலக்கணத்தை உங்களுடைய எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். இது முடியாத காரியமன்று. 1978இல் முதன்முதலாக வெளிவந்த லோங்மன் நிறுவனத்தின் கற்போர் அகராதி, ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றச் சொற்களையெல்லாம் விளக்கிக் காட்டியது. அந்த அடிப்படைச் சொற்களில் பெரும்பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்ததாக, உங்கள் வீட்டிலோ ஒழுங்கையிலோ உண்மையாக நடந்த ஒன்றைப் பற்றி அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். கடைசியாக, பார்வைக்குப் பொருந்துவதுபோல் இருந்தும் அந்தச் சொல் பொருந்தாத ஓர் இடத்தையும் எழுதுங்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நானோ மற்ற இரண்டையும் விட இதற்கே அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஒரு சொல் எங்கே செல்லாது என்று தெரிந்தவருக்குத்தான் அது எங்கே செல்லும் என்பது முழுமையாகத் தெரியும்.

மீட்டலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மறதியை முதன்முதலில் முறையாக அளந்தவரான எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மனிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று பார்த்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் மணித்தியாலங்களில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பது அவர் கண்டது. எனவே இன்று படித்ததை நாளையும், பின்னர் நான்கு நாள் கழித்தும், பின்னர் இரண்டு வாரம் கழித்தும் பாருங்கள். பார்க்கும்போது ஆங்கிலச் சொல்லை மறைத்துவிட்டு, நீங்கள் எழுதிய வரைவிலக்கணத்திலிருந்து சொல்லை வரவழையுங்கள். இதுவரை நீங்கள் பழகியது சொல்லிலிருந்து கருத்துக்குப் போவது மட்டுமே. எழுதுகிறவருக்கு வேண்டியதோ கருத்திலிருந்து சொல்லுக்கு வருவது.

நான் கொழும்பு கோட்டையில் தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சொற்கள் ஓரளவு தெரியும். ஆனால் நான் எழுதும் மின்னஞ்சல்களை எங்கள் முகாமையாளர் ஒவ்வொரு முறையும் திருத்துகிறார். ‘பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் இப்படி எழுதமாட்டார்கள்’ என்பது அவருடைய வழக்கமான குறிப்பு. இதற்கு என்ன பொருள்?
ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

உங்கள் முகாமையாளர் சரியாகத்தான் சொல்கிறார்; ஆனால் பாதியோடு நிறுத்திக்கொண்டார். யாரும் எப்படி எழுதுவார்கள் என்பதையும் அவர் சொல்லித் தந்திருக்கலாம்.

தமிழில் ‘கனத்த மழை’ என்கிறோம், ‘பலத்த காற்று’ என்கிறோம், தேநீரைச் ‘சாயம் கூடியது’ என்கிறோம். கனத்த தேநீர் என்று ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஆங்கிலத்தில் மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ரோங்’, தேநீரும் ‘ஸ்ட்ரோங்’. காலி வீதியின் மாலை நேர வாகன நெரிசலோ மறுபடியும் ‘ஹெவி’. இவற்றுக்கு இலக்கண விதி கிடையாது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூடி வாழ்கிறது என்பது அந்த மொழியினரின் நீண்ட பழக்கத்தால் அமைந்தது. ஒரு பெயர்ச்சொல்லைக் கற்கும்போது, அதனோடு வழக்கமாக வரும் வினைச்சொல்லையும் அடைமொழியையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும் என்பது இதனால்தான். தீர்மானத்தை ஆங்கிலத்தில் ‘மேக்’ செய்கிறார்கள். தமிழில் நாம் அதை எடுக்கிறோம்.

இன்னொரு வகைப் பிழை நம்முடைய தமிழிலிருந்தே வருவது. ‘சம்பளத்தைப் பற்றிக் கலந்துரையாடினோம்’ என்று தமிழில் நினைத்துவிட்டு ‘டிஸ்கஸ்’ என்பதன் பின்னால் ‘அபவுட்’ என்று போட்டுவிடுகிறோம். ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ அடங்கியிருக்கிறது. ‘எம்பஸைஸ்’ என்ற வினையின் பின் ‘ஒன்’ சேர்ப்பதும் இதே இனம். அதன் பெயர்ச்சொல் வடிவமான ‘எம்பசிஸ்’ என்பதற்குத்தான் அந்த இடைச்சொல் வேண்டும்.

மூன்றாவது வகை நுட்பமானது. ‘கோஸ்’ என்ற வினைக்கு அகராதியில் ‘காரணமாதல்’ என்று கண்டு, ‘புதிய மென்பொருள் எங்கள் முன்னேற்றத்துக்குக் காரணமாயிற்று’ என்பதற்கும் அதையே எழுதுவீர்கள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அந்த வினையோடு வழக்கமாக வருபவை விபத்து, சேதம், தாமதம், தொல்லை முதலியன. படிப்பவருடைய காதில், முன்னேற்றம் ஏதோ ஒரு விபத்தைப்போல ஒலிக்கும். நாமும் ‘கேடு விளைவித்தான்’ என்று எழுதுவோம். ‘மகிழ்ச்சி விளைவித்தான்’ என்று எழுதினால் கை சற்று நிற்கும் அல்லவா?

இத்தகைய செய்திகளை அகராதிக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹோர்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், அங்கே மாணவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று கண்டு, வினைச்சொல்லின் பின் எந்த அமைப்பு வரும், எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ண முடியாது என்பவற்றையெல்லாம் காட்டும் அகராதியைத் தம் சகாக்களுடன் தொகுத்து 1942இல் தோக்கியோவில் வெளியிட்டார். அதையே 1948இல் ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் எடுத்து வெளியிட்டது. இன்று மாணவர்கள் கையில் உள்ள பெரிய ஒக்ஸ்போர்ட் கற்போர் அகராதி அதன் வழிவந்ததுதான். 1987இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோன் சின்கிளேயர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி போய், கணினியில் திரட்டிய உண்மையான எழுத்திலிருந்து சொற்களை ஆராய்ந்து, வரைவிலக்கணத்தையே முழு வாக்கியமாகத் தந்தது. வாக்கியமாகத் தரும்போது, சொல்லோடு யார் வருகிறார், எது வருகிறது என்பதும் தானாகவே தெரிந்துவிடுகிறது.

உங்களுக்கு என் ஆலோசனை இதுதான்: முகாமையாளர் திருத்திய மின்னஞ்சல்களை அழித்துவிடாதீர்கள். அவர் மாற்றிய ஒவ்வொரு சொற்றொடரையும், பழையதும் புதியதுமாக அருகருகே ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்தக் கடையிலும் விற்காத, உங்களுக்கென்றே தொகுக்கப்பட்ட பயன்பாட்டு அகராதி அது.

உயர்நிலை ஆங்கிலத்துக்கு மொத்தம் எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?
வாசகர், மட்டக்குளி

நியூசிலாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் போல் நேஷன் 2006இல் எழுதிய கட்டுரையில், நாவல், பத்திரிகை போன்றவற்றைத் துணையின்றி வாசிக்க 8000 முதல் 9000 வரையான சொற்குடும்பங்களும், பேச்சைப் புரிந்துகொள்ள 6000 முதல் 7000 வரையானவையும் தேவை என்று கணக்கிட்டார். ஒரு பக்கத்தில் உள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொண்ட அளவுகோல். ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். பல்கலைக்கழகம் புகுவோர், பொது அடிப்படைச் சொற்களுக்கு அடுத்தபடியாக, எவரில் கொக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் உள்ள 570 குடும்பங்களைப் பார்ப்பது நல்ல தொடக்கம். பட்டியல் எதைப் படிப்பது என்று காட்டும். எப்படிப் படிப்பது என்பதற்கு முதற் கடிதத்தின் பதிலைப் பாருங்கள்.

தனியார் வகுப்பு ஆசிரியர் ஒருவர், இலத்தீன் கிரேக்க வேர்களைப் படித்துவிட்டால் ஆயிரக்கணக்கான சொற்களுக்கு அகராதியே வேண்டாம் என்கிறார். மகனை அந்த வகுப்புக்கு அனுப்பலாமா?
தாயார், பம்பலப்பிட்டி

அனுப்பலாம், அகராதியையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். ‘சுமத்தல்’ என்ற பொருளுள்ள ‘போர்ட்’ என்ற வேர் தெரிந்த பிள்ளைக்கு ‘எக்ஸ்போர்ட்’, ‘இம்போர்ட்’, ‘போர்ட்டபள்’, ‘டிரான்ஸ்போர்ட்’ ஆகிய நான்கும் ஒரே முடிச்சில் நினைவில் நிற்கும். படித்த சொல்லை மறவாமல் வைத்துக்கொள்ள வேர் உதவுகிறது. படிக்காத சொல்லின் பொருளை ஊகிக்கப் புறப்படும்போதுதான் அது காலை வாரிவிடும்.

‘இன்’ என்ற முன்னொட்டு எதிர்மறை என்று கற்றவன், ‘இன்வலுவபள்’ என்றால் மதிப்பற்றது என்பான். அதன் பொருள் மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. ‘இன்ஃபிளேமபள்’ என்றால் தீப்பற்றாதது என்று எண்ணிவிட்டால் விளைவு உயிராபத்து. அது இலகுவில் தீப்பற்றுவது. அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் எச்சரிக்கைப் பலகைகளில் ‘ஃபிளேமபள்’ என்று முன்னொட்டை நீக்கி எழுதும் வழக்கம் பரவியது. ‘நொய்சம்’ என்பதற்கும் இரைச்சலுக்கும் எந்த உறவும் கிடையாது. துர்நாற்றமும் அருவருப்பும் உள்ளது என்பது பொருள், ‘அனோய்’ என்ற வினையின் தேய்ந்த வடிவம் அதற்குள் இருக்கிறது. ‘ரெஸ்டிவ்’ என்பதில் ஓய்வைத் தேடினால் நேர் எதிராகப் போய்விடுவீர்கள். முதலில், நகர மறுத்து நின்றுவிடும் முரட்டுக் குதிரையைக் குறித்த சொல் அது. பின்னர் அடங்காத, பொறுமையிழந்த கூட்டத்துக்கு ஆயிற்று. வேரைப் பார்த்து ஊகிக்கட்டும், ஊகத்தை எழுதட்டும், அதன் பிறகு அகராதியைத் திறக்கட்டும். ஊகம் பிழைத்த சொல்தான் மகனுக்கு நெடுநாள் நினைவிருக்கும்.

முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஆங்கிலம் படிக்கும்போது தமிழை நினைக்கவே கூடாது என்று இளம் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் மொழிபெயர்ப்பு முறையில்தான் கற்பித்தோம். என் தந்தையார் பயன்படுத்திய பழைய ஆங்கில–தமிழ் அகராதியையும் இனித் தூக்கி எறிய வேண்டுமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், தெஹிவளை

ஐயா அவர்களுக்கு வணக்கம். வேண்டவே வேண்டாம், இரண்டையும் வைத்திருங்கள். சொற்களுக்கிடையே உள்ள நுட்ப வேறுபாட்டை உணரும் திறனை ஒருவர் தாய்மொழியில்தான் முதலில் பெறுகிறார். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அளவுகோலைக் கையில் கொடுத்து ‘ஃபுரூகல்’, ‘திரிஃப்டி’, ‘ஸ்டின்ஜி’ ஆகிய மூன்றையும் அளக்கச் சொன்னால், முதல் இரண்டும் சிக்கனத்தின் பக்கமும் மூன்றாவது கஞ்சத்தனத்தின் பக்கமும் விழுவதை அது தானே கண்டுகொள்ளும். முதல் இரண்டுக்குமிடையே என்ன வேறுபாடு என்ற கேள்வி எழும்போதுதான் தமிழ் போதாமல் போகும். அங்கே ஆங்கில வரைவிலக்கணத்துக்குப் போக வேண்டும். ‘ஃபுரூகல்’ எளிய உணவையும் வாழ்க்கையையும் நினைவூட்டும். ‘திரிஃப்டி’ காசை வீணாக்காமல் கவனமாகக் கையாள்வதை நினைவூட்டும்.

நம் நாட்டுக்கு இந்த இருமொழி அகராதிப் பணியில் ஒரு பெருமையும் உண்டு. 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதிக்கான வேலை யாழ்ப்பாணத்து மிஷனரிமாரிடையேதான் தொடங்கியது.

ஆனால் பழைய அகராதியில் ஓர் எச்சரிக்கை வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். இளம் எழுதுவினைஞனாக இருந்த காலத்தில், எங்கள் தலைமை எழுதுவினைஞரின் பிரியாவிடை வைபவத்தில் ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. எவருக்கும் ஓடிச்சென்று உதவும் மனிதர் அவர். வீட்டிலிருந்த மிகப் பழைய அகராதியில் ‘ஒஃபிஷியஸ்’ என்பதற்கு ‘உபகார சிந்தையுள்ள’ என்ற கருத்தைக் கண்டு, ‘ஒஃபிஷியல்’ என்பதன் உறவினன்போல ஒலித்த அந்தச் சொல்லின் மிடுக்கில் மயங்கி, பேச்சில் மூன்று இடங்களில் அவரை அப்படியே புகழ்ந்தேன். முன்வரிசை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கேளாமலேயே பிறர் காரியத்தில் தலையிட்டு அதிகாரம் செய்கிறவர் என்பதே அச்சொல்லின் இன்றைய பொருள் என்று, வைபவம் முடிந்து கட்லட் சாப்பிடும்போது ஒருவர் தணிந்த குரலில் சொன்னார். தலைமை எழுதுவினைஞர் மட்டும் எதுவும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் உண்மையிலேயே உபகாரிதான்.

அகராதி பொய் சொல்லவில்லை. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதியிலும் அந்த நல்ல பொருள் இருக்கிறது. சொல்தான் நடுவழியில் கெட்டுப்போயிற்று. நம்முடைய ‘நாற்றம்’ ஒருகாலத்தில் பூவுக்கும் உரியதாக இருந்ததை நினைத்தால் இதில் வியப்பில்லை. எனவே அந்தப் பழைய அகராதியைச் சொல்லின் வரலாற்றுக்காகப் பாருங்கள். இன்றைய பயன்பாட்டுக்கு இன்றைய பதிப்பைப் பாருங்கள்.

நம்மிடமிருந்தே போன சொற்களுக்கும் இது பொருந்தும். ‘கட்டமரன்’ நம்முடைய கட்டுமரந்தான். ஆனால் ஆங்கிலேயர் அதை இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராக்கிவிட்டார்கள். மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் மிதவையை மனத்தில் வைத்துக்கொண்டு உல்லாசப் படகு விளம்பரத்தை வாசிக்கும் தமிழர், தம் சொந்தச் சொல்லுக்கே அகராதி பார்க்க வேண்டியவராகிறார்.

‘செரண்டிப்பிட்டி’ என்ற சொல் இலங்கையிலிருந்து பிறந்தது என்கிறார்கள். உண்மையா? ‘அதிர்ஷ்டம்’ என்று எழுத வேண்டிய இடங்களில் அதைப் பயன்படுத்தலாமா?
வாசகி, கொம்பனித்தெரு

முதற் கேள்விக்கு, பெயரளவில் ஆம். அரேபியரும் பாரசீகரும் இத்தீவை அழைத்த பெயர் செரண்டிப். செரண்டிப்பின் மூன்று இளவரசர்களைப் பற்றிய பழைய கதையொன்றை வாசித்திருந்த ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வோல்போல், 1754 ஜனவரி 28ஆம் திகதி தம் நண்பர் ஹொரஸ் மேனுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல்லைத் தாமே உருவாக்கினார். பிறந்த நாளும் பெற்றவரும் இவ்வளவு திட்டமாகத் தெரிந்த சொற்கள் ஆங்கிலத்தில் அதிகம் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. இளவரசர்கள் தாம் தேடாதவற்றை, தற்செயலாலும் கூரிய அறிவாலும் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள் என்று அவர் விளக்குகிறார். தற்செயல், கூரறிவு, தேடாமை ஆகிய மூன்றும் வரைவிலக்கணத்தின் உறுப்புகள். ‘அதிர்ஷ்டம்’ என்ற தமிழ்ச் சொல் முதலாவதை மட்டுமே தருகிறது.

ஆகவே, லொத்தர் சீட்டில் பரிசு விழுந்தால் அது ‘செரண்டிப்பிட்டி’ ஆகாது. பரிசை எதிர்பார்த்துத்தான் சீட்டு வாங்கினீர்கள், அறிவுக்கும் அதில் வேலையில்லை. மருதானையில் பழைய புத்தகக் கடைகளில் கணக்கியல் பாடநூல் தேடிப் போன ஒருவர், அடுக்கின் அடியில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு தமிழ் நூலைப் புரட்டி, அது நெடுங்காலமாக அச்சில் இல்லாத முதற்பதிப்பு என்று அடையாளம் கண்டு வாங்கி வந்தால், அங்கே தாராளமாக எழுதலாம். அதே நூலைக் கையிலெடுத்து, இன்னதென்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனவருக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியாது.